செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பின்சுவர்ச் செங்கலும் அதில் குடியிருந்தவர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் தெருவாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. இரண்டு மாதம் கூடவில்லை. ஒரு மாதம் தலைவர் வீட்டுக் கல்யாணம், இன்னொரு மாதம் மழை. சந்தா நிலுவை போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறது. பெயர்ப் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளவும். இரண்டாவது குறுக்குத் தெருவில் எரியாமல் கிடந்த விளக்கு, மாநகராட்சிப் புகார் எண் 1913க்கு நாலு தடவை போன் போட்ட பிறகு எரிகிறது. பொங்கல் கோலப்போட்டி நன்றாக நடந்தது. நடுவர் தீர்ப்பு பற்றிய புகார்களைத் தயவுசெய்து இன்று எடுக்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு எனக்கு வந்த போன்களில் பாதி தண்ணீர் லாரி பற்றியும் இல்லை, குப்பை வண்டி பற்றியும் இல்லை. "சார், பாத்ரூம்ல பாம்பு", "சார், மாடியில யாரோ நடக்கிறாங்க", "சார், ஏதோ பெரிய பல்லி மாதிரி, முதலைக் குட்டியா பாருங்க" என்று ராத்திரி பதினொரு மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் வந்தவை. எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

நாம் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ரெட்டேரி, இன்னொரு பக்கம் மாதவரம் ஏரி, கொஞ்சம் தள்ளிப் புழல். 2011இல் மாதவரம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது நம் தெருக்களில் பாதி மனை காலி. கோரைப்புல்லும் தேங்கிய தண்ணீரும்தான். இப்போது எல்லாம் வீடு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்தபோது நாம் மாடிக்குப் போனோம், பாம்புகள் நம் படிக்கட்டுக்கு வந்தன. அதை வெள்ளக் கணக்கில் சேர்த்துவிட்டு மறந்துவிட்டோம். ஆனால் இந்த ஆண்டு அவை வெள்ளம் இல்லாமலே, ஆனி மாத வெயிலில் வந்தன. அதுதான் எல்லோரையும் கலங்க வைத்தது.

போன வருஷப் பொதுக்குழுவில் நாம் போட்ட தீர்மானம் நினைவிருக்கும். பாம்பு எல்லாம் சங்க ஹாலுக்கு எதிரே இருக்கும் காலி மனையிலிருந்து வருகிறது, மனைக்காரரைச் சுத்தம் செய்யச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்பது தீர்மானம். மூன்று மனு கொடுத்தேன். ஒரு அலுவலகத்தில் "இது எங்க ஏரியா இல்ல சார்" என்றார்கள். அவர்கள் காட்டிவிட்ட அலுவலகத்தில், முதல் அலுவலகத்துக்கே போகச் சொன்னார்கள். மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை.

இதற்கிடையில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சங்கமும் செலவு செய்தது. ஹாலைச் சுற்றி ஃபினாயில் ஊற்றினோம், பிளீச்சிங் பவுடர் போட்டோம். வாசலில் ஆகாசகருடன் கிழங்கு கட்டினோம். சிறியாநங்கைச் செடி வாங்கித் தொட்டியில் வைத்தோம், அது தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. கணக்கில் 'இதர செலவு' என்று பெரிதாக ஒரு தொகை நிற்பதன் காரணம் இதுதான். பொருளாளர் மேல் யாரும் பாய வேண்டாம்.

டியூஷன் பிள்ளைகள் ஹாலை விட்டு வெளியே வரும்போது வாசல்படி ஓரமாக ஒரு நல்ல பாம்பு படம் எடுத்து நின்ற அன்றைக்குத்தான் சரியான ஆளைத் தேடினோம். வனத்துறை அனுமதியோடு பாம்பு பிடிக்கும் இருளர் பெரியவர் ஒருவர் வந்தார். எல்லோரும் அவரைக் காலி மனைப் பக்கம் அழைத்துப் போனார்கள். அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். புல்லை விலக்கக்கூட இல்லை. திரும்பி நடந்து, ஹாலின் பின்சுவரை ஒட்டிக் கிடந்த செங்கல் குவியல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு ஓட்டை, அதன் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஓரத்தில் வெங்காயச் சருகு மாதிரி பாம்புச் சட்டைத் துண்டு. "பாம்பு அங்க இல்ல சார். நீங்க கட்டிக் குடுத்த வூட்டுலதான் கீது" என்றார்.

அந்தச் செங்கல், பழைய கழிவறையை இடித்தபோது விழுந்தது. அதை அள்ள வண்டி வந்தபோது, வாசலில் சாய்தளம் போட உதவும், இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது நான். சாய்தளமும் போடவில்லை. மூன்று வருஷமாக நிழலும் குளிர்ச்சியுமாகக் கிடந்த இடம் அது. பக்கத்திலேயே புறாவுக்குத் தினமும் கம்பும் கோதுமையும் கொட்டுகிறோம். புறா தின்றது போக மீதியைத் தின்ன எலி, பெருச்சாளி. அவற்றைத் தின்ன இந்த நல்ல பாம்பு. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்கள். இங்கே கரையான் வேலையைச் செயலாளர் பார்த்திருக்கிறார். இதை மன்னிப்பாகவே இங்கே பதிவு செய்கிறேன். எதிர்மனைக்காரருக்கு மூன்று மனுவில் நான் எழுதிய வார்த்தைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இருளர் பெரியவர் செங்கலை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார். ஒரு வளைந்த இரும்புக் கம்பி, ஒரு துணிப்பை, வேறு ஒன்றும் கிடையாது. கடப்பாரை கொண்டுவந்த நம் பையன்களைத் தூரப் போகச் சொன்னார். அடியில் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிய வெள்ளை முட்டைத் தோல்கள், பத்துக்கு மேல். தாய்ப்பாம்பு இருந்தது. குட்டிகள் மூன்றுதான் கிடைத்தன. அவை சுண்டுவிரல் மொத்தம்தான் இருக்கும், ஆனாலும் படம் எடுத்து நின்றன. பிறந்த அன்றைக்கே விஷம் உண்டு, சின்னது என்று கையில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மீதிக் குட்டிகள் எங்கே போயின என்பது அடுத்த மூன்று வாரத்தில் தெரிந்தது. முதல் குறுக்குத் தெருவில் மூன்று குளியலறைகளில். மூன்றிலும் நானி டிராப்புக்கு, அதாவது தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு, சல்லடை மூடி கிடையாது, அல்லது கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அந்த மூடி கடையில் சில பத்து ரூபாய்தான். கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் போகிற சந்து இருந்தால் ரப்பர் பட்டை அடித்துவிடுங்கள். மாடியில் இருக்கும் துளசித்தொட்டி, வாசலில் அடுக்கிய விறகு, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். செங்கல் முழுவதும் போய்விட்டது. சங்கப் பணத்தில் இல்லை, என் பணத்தில்.

இருளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. அரசு அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்மிடம் வந்தவருக்கு நாம் கொடுத்தது ஒரு சால்வை, டீ, பஸ் செலவு. அடுத்த முறை ஒழுங்கான கூலி கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அடுத்தது வருத்தமான விஷயம். அக்டோபர் நடுவில் பெய்த பெருமழைக்கு அப்புறம், கடைசித் தெருவில் வரி போட்ட ஒரு சின்னப் பாம்பைக் கட்டு விரியன் என்று அடித்துப் போட்டு, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். அது விஷமில்லாத வரையன். அதற்குக் கழுத்துப் பக்கம் பட்டை தெளிவாக இருக்கும், வால் பக்கம் மங்கிவிடும். கட்டு விரியனுக்கு நேர் எதிர்: தலைப்பக்கம் மங்கல், வால்பக்கம் தெளிவு, பட்டைகள் இரண்டிரண்டாக இருக்கும். அதற்காக வரி போட்டதெல்லாம் வரையன் என்று யாரும் கிட்டப் போய்ப் பட்டையை எண்ண வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். நல்ல பாம்பு, சாரை, உடும்பு எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. நம் பையன்கள் பெருமையாக அனுப்பிய படம், அவர்கள் மேலேயே சாட்சியாக நிற்கக்கூடியது.

நிஜமான கட்டு விரியன் வந்தது நவம்பரில். மூன்றாவது குறுக்குத் தெருவில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த ஒரு தம்பி, துறைமுகத்தில் லோடு வேலை பார்ப்பவர், விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். காயம் எதுவும் தெரியவில்லை. வாய்வு என்று ஓமவாட்டர் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு இமையும் மேலே தூக்க முடியாமல் சொருகின. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வந்து கண்ணைப் பார்த்ததும், "பாயை உதறாதீங்க, 108க்கு போன் போடுங்க" என்றார். தலையணைக்கு அடியில் அது இருந்தது. கட்டு விரியன் கடி அப்படித்தான்: ராத்திரியில், வலி இல்லாமல், கொசு கடித்த அளவுக்குக்கூடத் தடம் இல்லாமல். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருந்து ஏற்றி, செயற்கைச் சுவாசத்தில் வைத்து, காப்பாற்றி அனுப்பினார்கள். அந்தத் தம்பி இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், சந்தாவும் கட்டிவிட்டார்.

அந்த வீட்டில் நல்லவேளையாக யாரும் கயிறு கட்டவில்லை, பிளேடால் கீறவில்லை, மந்திரிக்க அழைத்துப் போகவில்லை. கடித்த காலையோ கையையோ ஆட்டாமல், மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான், அரசு மருத்துவமனையில் இலவசம். அதே நவம்பரில்தான் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் சேர்த்தது. இனி எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் அந்தக் கடி அரசுக் கணக்கில் ஏறும்.

பயமில்லாத விருந்தாளிகளும் உண்டு. முதல் தெரு ஆயா ஒருவர், தினமும் ராத்திரி யாரோ பாஸ்மதி அரிசி வடிக்கிற வாசனை வருகிறது, கீழ் வீட்டுக்காரர்கள் பிரியாணி செய்து தனக்குத் தராமல் சாப்பிடுகிறார்கள் என்று என்னிடம் புகார் எழுதிக் கொடுத்தார். கீழ் வீட்டில் சைவம். பரணில் ஏறிப் பார்த்தால், ஷீட் கூரைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் மரநாய். அதன் உடம்பு வாசனையே அப்படித்தான் இருக்கும். பரண் முழுக்கப் பப்பாளி விதையும் சப்போட்டாக் கொட்டையும். அது ராத்திரி வெளியே போன நேரத்தில் ஓட்டையை வலை வைத்து அடைத்தோம். குட்டி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அடைத்தோம். ஆயா கீழ் வீட்டாருடன் இன்னும் சரியாகப் பேசுவதில்லை, அது வேறு கதை.

முதலைக் குட்டி என்று வந்த போன், உடும்பு. நாகாத்தம்மன் புற்றுக்கு ஆடி வெள்ளியில் வைக்கிற முட்டையை அது வரிசையாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. பாம்பு பாலும் குடிக்காது, கோழி முட்டைக்காகவும் காத்திருக்காது. அம்மனுக்கு வைப்பதை வையுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. பூஜை முடிந்ததும் தட்டை எடுத்துவிட்டால் போதும். உடும்புக் கறி எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டவரின் பெயரை இங்கே சொல்லவில்லை.

தண்ணீர்த்தொட்டிக் கோபுரத்தில் கூகை குடியிருக்கிறது. சாவுக்குருவி, விரட்டுங்கள் என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். அது பிடித்துத் தின்பது எலி. விரட்டப்போவதில்லை. எலி மருந்து வைப்பதை மட்டும் நிறுத்துங்கள், மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகையும் போய்விடும். குரங்கு ஒன்றே ஒன்று வந்தது, இரண்டு நாள் இருந்தது, கோதுமை மாவு பாக்கெட் ஒன்றுடன் போய்விட்டது. காலி மனையில் இரண்டு சாரைப்பாம்பு பின்னிக்கொண்டு நின்றதை ஒரு கூட்டமே பார்த்தது. மேலே போர்த்தி அருள் வாங்க ஒருவர் புது வேட்டியோடு ஓடினார். அது கூடல் இல்லையாம், இரண்டு ஆண் பாம்பு மல்லுக்கட்டுவதாம். வேட்டி வீணாகவில்லை, பாம்புகள் அதற்குள் போய்விட்டன.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, புறாவுக்குத் தீனி போடும் இடம். அதைப் போடும் அம்மா முன்வரிசையில் இருப்பதால் அவரோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன். இரண்டு, மழைநீர் வடிகாலின் உடைந்த மூடிகள். மூன்று இடத்தில் இருக்கின்றன, படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது, மழைக்கு முன்னால் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கு வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன். செருப்பை எல்லோரும் பழையபடி பின்சுவர் ஓரமாகத்தான் விட்டிருக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் சொல்கிறார். கிளம்பும்போது ஒரு தட்டு தட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளவும்.