ஃபார்மட்டுக்கு முன் ரேமைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நேரங்காலமில்லாமல் நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் முதல் வைத்தியமே ஃபார்மட்தான். கோளாறு ரேமில், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில், இருந்தால் இது பலிக்காது. கூடுதல் கெடுதலும் உண்டு. ஃபார்மட்டுக்கு முன் பேக்கப் எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பும் அந்த ரேம் வழியாகத்தான் போகிறது. ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டால் போதும், கல்யாண போட்டோவோ கணக்குக் கோப்போ சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

ரேமின் ஒவ்வொரு செல்லும் துளி மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் கிண்ணம். அது ஒழுகிவிடுமென்று 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை மறுபடி நிரப்புகிறார்கள். பலவீனமான செல் அதற்குள் காலியாகிவிடும். சூடு ஏறினால் இன்னும் சீக்கிரம். மத்தியான வெயிலில் மட்டும் தொங்குவது இதனாலும் இருக்கலாம். அந்தச் செல் இன்றைக்கு பிரவுசருக்குப் போகும், நாளைக்கு டிரைவருக்கு (வன்பொருளை இயக்கும் மென்பொருளுக்கு). அதனால்தான் நீலத் திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழைப் பெயர் வருகிறது. எப்போதும் ஒரே டிரைவர் கோப்பின் பெயரே வந்தால் முதலில் அந்த டிரைவரைப் பாருங்கள்.

விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சில பிழைகளைக் கோட்டைவிடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் மென்பொருள் இலவசம். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, குறைந்தது நான்கு சுற்று, முடிந்தால் ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைக்க வேண்டிவந்தால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி கைவசம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழை வந்த உடனே ரேம் ஸ்டிக்கைத் தூக்கி எறிய வேண்டாம். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி சோதியுங்கள். அது 1.2 வோல்ட் டிடிஆர்4 ஸ்டிக்கை வழக்கமாக 1.35 வோல்ட்டில் கூடுதல் வேகத்தில் விரட்டும் ஏற்பாடு. அணைத்ததும் பிழை நின்றால் வேகத்தைக் குறைத்தே ஓட்டலாம். நிற்காவிட்டால் பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்டிக்காக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அந்த ஸ்லாட்டில் மட்டும் வந்தால் சந்தேகம் மதர்போர்டின் பக்கம்.

பென்சில் ரப்பரால் ஸ்டிக்கின் தங்கமுனையைத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். பெரும்பாலும் பலன் தருவது ரப்பரல்ல, கழற்றி மாட்டியதுதான். மெல்லிய தங்கப்பூச்சு தேய்ந்ததுதான் மிச்சம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

நீலத் திரையே இல்லாமல் பொட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸையும் (மின்சாரம் தரும் பெட்டியையும்) பிராசசர் சூட்டையும் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று கண்டதும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவுகட்டுகிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் நிரூபிக்காது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபார்மட்டுக்குக் காசு வாங்குமுன் மெம்டெஸ்ட் திரையைப் போட்டோ எடுத்து வாடிக்கையாளரிடம் கொடுங்கள். வாரண்டி கேட்கும்போது அதையே காட்டலாம்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர்கள், மதுரை