துணை விலங்கோடு தனித்து ஆடுவோரைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இணைய விளையாட்டுகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் உலவும் விளையாட்டுக்குள் நுழைந்தும் எவரோடும் சேராமல், கணினி தரும் ஒரு விலங்கை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு திரிகிறவர்கள் மனிதத் தொடர்புக்கு அஞ்சுகிறவர்கள் என்றும், அந்த விலங்கு அவர்கள் கையிலிருக்கும் பொம்மை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நானும் அப்படித் திரிகிறவள்தான். எனக்கு வயது 58. மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறேன். என் தெருவில் என்னை மனிதத் தொடர்புக்கு அஞ்சுகிறவள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

நான் ஆடுவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் விளையாட்டு. 2004-ஆம் ஆண்டு நவம்பரில் முதலில் வந்தது. அதன் பழைய வடிவத்தை 2019 ஆகஸ்டில் மீண்டும் திறந்தார்கள். வேலை கிடைத்துப் பெங்களூரு சென்ற மகன் விட்டுப்போன கணினியில், அவனே கற்றுத்தர, அந்தப் பழைய வடிவத்தில்தான் தொடங்கினேன். தொடக்கத்தில் எல்லோரையும் போல ஐந்து பேர் கொண்ட குழுவில் சேர்ந்து சுரங்கங்களுக்குள் சென்றேன். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு இரவு மருந்து கொடுத்த பிறகு எனக்குக் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில், அவர் குறைந்தது மூன்று முறையாவது அழைப்பார். ஒருநாள் சுரங்கத்தின் நடுவில் அழைத்தார். எழுந்து போய்ப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு ஏழெட்டு நிமிடத்தில் திரும்பினேன். அதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். திரையின் ஓரத்தில் என்னைப் பற்றி நான்கு வரி வசையும் இருந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, நான்கு பேரின் இரவை நான் நிறுத்தி வைத்ததும் உண்மைதானே. ஆனால் தன் நேரம் தன் கையில் இல்லாதவர்கள் குழுவில் ஆட இயலாது என்பது அன்று எனக்கு விளங்கிற்று. அன்றிலிருந்து நானும் ஒரு காட்டுப்பன்றியுமாகத்தான் ஆடுகிறோம்.

பன்றி என்றதும் என் வீட்டில் சிரித்ததைப் போலவே தங்கள் வாசகர்களும் சிரிக்கக்கூடும். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டில் வேட்டுவர் என்றொரு வகுப்பு உண்டு. பத்தாம் நிலையை எட்டிய வேட்டுவர் காட்டு விலங்கொன்றைப் பழக்கித் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். பழைய வடிவத்தில் பழக்குவதற்கு 20 விநாடி ஆகும். அந்த 20 விநாடியும் அது நம்மைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கும், நம் கவசமோ அதுவரை பயன்படாது, கையைக் கட்டிக்கொண்டு தாங்க வேண்டும். பழகிய பின் அதற்கு உணவிட வேண்டும். வயிறு வாடினால் அதன் மனம் வாடும், மனம் வாடினால் அடியின் வலிமை குறையும். மகிழ்ச்சியாக இருக்கும் விலங்கு இயல்பைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தாக்கும், வெறுப்பில் இருப்பது கால் பங்கு குறைவாகத் தாக்கும். தொடர்ந்து கவனியாமல் விட்டால் நம்மை விட்டே போய்விடும். போனது திரும்பி வராது. பூனை இனங்கள் இறைச்சியும் மீனும்தான் தின்னும். பன்றி எதையும் தின்னும்: ரொட்டி, பழம், காளான், பாலாடைக்கட்டி. சைவக் குடும்பத்தில் பிறந்த நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. திரையில்தானே, மீனைப் போட்டால் என்ன என்று மகன் கேட்டான். எனக்கு மனம் வரவில்லை. பெயர் கருப்பன்.

கருப்பன் பொம்மையா என்பதற்கு வருகிறேன். வேட்டுவரின் ஆயுதம் வில். எதிரி மிக நெருங்கிவிட்டால் வில்லால் எய்ய முடியாது. ஆகவே யாரேனும் முன்னால் நின்று எதிரியைத் தன்பால் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். குழுவில் அதை டேங்க் என்னும் பொறுப்பில் உள்ளவர் செய்கிறார், தனியே ஆடுகையில் அதை விலங்கு செய்கிறது. அது உறுமினால் எதிரியின் சினம் அதன்மேல் திரும்பும். நான் அவசரப்பட்டு இரண்டு அம்பு கூடுதலாக எய்துவிட்டால் அந்தச் சினம் என்மேல் திரும்பிவிடும். எத்தனை எய்யலாம், எப்போது நிறுத்தலாம், கருப்பனின் உயிர் பாதிக்குக் கீழே இறங்கும்போது எய்வதை விட்டுவிட்டு அதன் காயத்தை ஆற்றலாமா அல்லது எதிரியை முடித்துவிடலாமா என்னும் கணக்கு ஒவ்வொரு சண்டையிலும் உண்டு. குழுவில் ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்த வேலையை இங்கே இருவர் செய்கிறோம், அவ்விருவரில் ஒருவருக்கு அறிவு கிடையாது.

அறிவு கிடையாது என்பதற்கு ஒரு சான்று. ஒரு குன்றின் விளிம்பிலிருந்து நான் கீழே குதித்தேன். விலங்குகள் நம்மைப் போல விளிம்பில் குதிப்பதில்லை, வழி தேடிச் சுற்றிக்கொண்டு வரும். நான் கீழே நின்று கருப்பன் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அது பாதையிலிருந்த காவலாளர்கள் அத்தனை பேரையும் தட்டி எழுப்பிக்கொண்டு, ஊரே துரத்த, விசுவாசத்தோடு என்னை நோக்கி ஓடிவந்தது. இருவரும் மாண்டோம். குதிப்பதற்கு முன் விலங்கைத் திரையிலிருந்து மறையச் செய்துவிட்டுக் கீழே வந்து மீண்டும் அழைக்க வேண்டும் என்பது வேட்டுவர்களின் அரிச்சுவடி. பிழை என்னுடையதே, கருப்பனை நொந்து பயனில்லை.

கையின் வேகத்தையும் சொல்ல வேண்டும். விரல் மூட்டு வலி உள்ள எனக்கு இருபது வயதுப் பிள்ளைகளின் விரைவு வராது. அதோடு, சர்வர் இருக்கும் நாட்டுக்கும் சென்னைக்கும் உள்ள தொலைவில் நான் அழுத்திய கட்டளை சில வேளை தாமதித்தே போய்ச் சேரும். விலங்கை இயக்குவது அந்தச் சர்வரே என்பதால், என் கட்டளை வழியில் நிற்கும்போதும் அது சண்டையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். மாமியார் அழைத்தால் பாதுகாப்பான மரத்தடியில் நின்றுவிட்டு எழுந்து போகிறேன். வந்து பார்க்கும்போது கருப்பன் அருகிலேயே நிற்கும், வசை எழுதுவதில்லை.

தனியே ஆடுவதற்கு இணையம் எதற்கு, வீட்டுக் கணினியில் மட்டும் ஓடும் விளையாட்டை ஆடலாமே என்பது கட்டுரையாளரின் மற்றொரு கேள்வி. தியாகராய நகர் நடேசன் பூங்காவில் மாலையில் தனியே நடக்கிறவரிடம், வீட்டு மொட்டை மாடியில் நடக்கலாமே என்று நாம் கேட்பதில்லை. சுற்றிலும் ஆட்கள் இருப்பதும், அவர்களோடு பேசியே தீர வேண்டிய கட்டாயம் இல்லாதிருப்பதும் சேர்ந்து தரும் இதம் ஒன்று உண்டு. நான் உரித்த தோலைச் சந்தையில் முகமறியாத தையற்காரர் ஒருவர் வாங்குகிறார். வழிப்போக்கர் ஒருவர் கருப்பனின் உயிர் வற்றுவதைக் கண்டு ஒரு மந்திரத்தைப் போட்டுக் காப்பாற்றிவிட்டு, நன்றி சொல்வதற்குள் குதிரையேறிப் போய்விடுகிறார். இதுவும் மனிதத் தொடர்புதான் என்று நான் எண்ணுகிறேன்.

இந்தத் தேவையை விளையாட்டு வடிவமைப்பாளர்கள் என்றோ உணர்ந்துவிட்டார்கள். 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் என்னும் விளையாட்டு, குழுவாக ஆடுவதையே அடிப்படையாகக் கொண்டிருந்தும், ஏவல் விலங்கோ பூதமோ உடைய வகுப்பினர் அதில் தனியே பிழைத்தார்கள். 2011 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ் இணைய விளையாட்டில் ஒவ்வொரு வகுப்புக்கும் கணினி இயக்கும் துணைவர்கள் தரப்பட்டார்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் சொக்கோபோ என்னும், நாம் ஏறிச் செல்லும் பறவைக்கு ஒரு கீரையைக் கொடுத்தால் அரை மணி நேரம் உடன் நின்று போரிடும். காப்பதா, தாக்குவதா, காயம் ஆற்றுவதா என்பதை நாமே பழக்கலாம். அதே விளையாட்டில் 2019 முதல் கதைமாந்தர்களையே துணைக்கு அழைத்துக்கொண்டு சுரங்கங்களுக்குள் போகவும் வழி செய்தார்கள். இத்தனை ஏற்பாடும் மனிதரைக் கண்டு அஞ்சும் சிலருக்காக நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

விலங்குத் துணையைப் பொம்மை என்று எழுதுவது நம் ஊர்க்காரருக்கு அழகுமில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனுக்கு எடுத்த கல் அது. அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும், அதன் பெயர் கோவிவன் என்றும் கல்வெட்டு சொல்கிறது. திரையிலுள்ள பன்றியை அந்த நாயோடு ஒப்பிட எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் நிற்கும் விலங்குக்குப் பெயரிட்டு அதையும் கணக்கில் சேர்க்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று.

கட்டுரையில் என்னை மிகவும் வருத்திய பகுதி கடைசிப் பத்தி. அதில் இந்த விளையாட்டுகளும் இணைய ரம்மியும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருந்தன. பணம் கட்டி ஆடும் சூதால் நம் மாநிலத்துக் குடும்பங்கள் அழிந்ததை யாரும் மறுக்க முடியாது. 2022-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியதும் அதனால்தான். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்யும்போதே, பந்தயம் இல்லாமல் சந்தா மட்டும் செலுத்தி ஆடும் விளையாட்டைத் தனி வகையாகப் பிரித்து அனுமதிக்கிறது. நான் மாதச் சந்தா கட்டுகிறேன். கருப்பன் இதுவரை எனக்கு ஒரு ரூபாய் ஈட்டித் தந்ததில்லை, அந்தச் சந்தாவுக்கு மேல் என்னிடமிருந்து எதையும் பறித்ததுமில்லை. சட்டம் பிரித்து வைத்ததைக் கட்டுரை கலந்துவிட்டதால், அதைப் படித்த என் நாத்தனார் மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் அழைத்து, வீட்டுப் பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார்.

ஆகவே, இனி இணைய விளையாட்டு என்று எழுதும்போது எந்த விளையாட்டு, அதில் பணம் பந்தயமாக வைக்கப்படுகிறதா என்பதையும் சேர்த்து எழுதுமாறு தங்கள் கட்டுரையாளர்களிடம் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன். அக்கட்டுரையை எழுதியவர் விரும்பினால், ஏதேனும் ஓர் இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வந்து, பத்தாம் நிலை வேட்டுவராக ஒரு விலங்கைப் பழக்கிப் பார்க்கலாம். நடுவில் மாமியார் அழைத்தால் கட்டுரையாளரைத் தனியே விட்டு எழுந்து போவேன் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை – 600 033