பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் பயப்பட வேண்டாம்

மும்பை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பருவத் தேர்வுத் தாள்கள் வீட்டுக்கு வந்திருக்கும். சில வீடுகளுக்கு வகுப்பாசிரியர் எழுதிய ஒரு சீட்டும் சேர்ந்து வந்திருக்கும்: "பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும், ஒரு நாள் வாருங்கள்." அதைப் படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்ததுபோல் ஆகிவிடுகிறது என்று எனக்குத் தெரியும். பெயரை வெட்டிவிடுவார்களா, வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களா என்று நேராகவே கேட்கிறீர்கள்.

வெட்ட மாட்டோம். வெட்டவும் முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, கற்றல் குறைபாடு (அறிவு குறையாமல் வாசிப்பு, எழுத்து, கணக்கில் மட்டும் தடை) இருந்தால் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவுவது பள்ளியின் கடமை என்கிறது. ஆக, உங்களைக் கூப்பிட்டுப் பேசுவது நாங்கள் செய்தே ஆகவேண்டிய வேலை.

சரி, எந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் யோசிக்கிறோம்? மதிப்பெண் குறைந்த எல்லாரையும் அல்ல. வாயால் கேட்டால் பாடத்தை அழகாகச் சொல்லும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறது. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதவே ஒரு பீரியட் போய்விடுகிறது. நேற்றுப் படித்த சொல் இன்று புதுச் சொல்லாகத் தெரிகிறது. கூட்டல் தெரியும், ஆனால் எண்களை இடம் மாற்றி எழுதுகிறது. இப்படி மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் கவலைப்படுகிறோம்.

இதில் தாராவிப் பிள்ளைகளுக்கென்று தனியாக யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இவற்றோடு மராத்தியும் ஆங்கிலமும். நான்கு மொழிகள், மூன்று வகை எழுத்துகள். போன வருஷம்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை மராத்தி வாசிக்கத் திணறினால் அது குறைபாடு இல்லை. அந்த மொழி இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். ல, ள, ழ குழம்புவதும் ந, ன, ண குழம்புவதும் பெரியவர்களுக்கே உண்டு. அதை வைத்து யாரையும் எங்கும் அனுப்ப மாட்டோம். ஆனால் பிறந்ததிலிருந்து தமிழ் பேசி, கதை கேட்டால் முழுவதையும் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு, மூன்றாம் வகுப்பு வந்த பிறகும் கொம்பும் காலும் எந்தப் பக்கம் வரும் என்று பிடிபடவில்லை, தமிழ், இந்தி, ஆங்கிலம் எதிலும் வாசிப்பு ஓடவில்லை என்றால், அப்போது மொழியைக் காரணம் காட்டிச் சும்மா இருப்பது தவறு. எங்கள் ஆசிரியர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஒரு மொழியில் மட்டும் திணறலா, எல்லாவற்றிலுமா என்று முதலில் பாருங்கள்.

அதன்பின் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்வோம். காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் காதில் விழாது. கண்ணாடி போட்டதும் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளும் உண்டு. வகுப்பிலேயே சில வாரங்கள் தனியாகச் சொல்லிக் கொடுத்தும் பார்ப்போம். அதற்கும் அசையவில்லை என்றால்தான் மருத்துவமனைப் பரிசோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவோம். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட, 2024வரை நடப்பில் இருந்த நெறிமுறைப்படி, மூன்றாம் வகுப்பிலோ 8 வயதிலோ, எது முந்தி வருகிறதோ அப்போது, பள்ளியே முதல்கட்டமாகப் பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வயதுக்கு முன்னால் எழுத்தைத் திருப்பி எழுதுவது பல பிள்ளைகளுக்கு இயல்பு. ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் பதற வேண்டாம்.

நீங்கள் கையெழுத்துப் போடாமல் கடிதம் போகாது. வேண்டாம் என்றால் வேண்டாம். பிள்ளை அதே வகுப்பில்தான் இருக்கும். ஆசிரியர் கவனிக்காத ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் நீங்களே வந்து கேட்கலாம், அதற்கும் கடிதம் தருவேன்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது சயான் மருத்துவமனை. கற்றல் குறைபாட்டைப் பார்ப்பதற்கென்று அங்கே தனிப் பிரிவே உண்டு. குழந்தை மருத்துவர் முதலில் உடலையும் நரம்பையும் பார்ப்பார். உளவியலாளர் பிள்ளையின் அறிவுத்திறனை அளப்பார். அப்புறம் வாசிப்பு, எழுத்து, கணக்கு. ஒரே நாளில் முடியாது, பல முறை போக வேண்டியிருக்கும். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். மருத்துவமனைக்குப் போன நாளின் கேஸ் பேப்பரை (அங்கே தரும் சீட்டை) காட்டினால் பள்ளியில் வருகைப் பதிவில் கை வைக்க மாட்டோம். பிள்ளையின் பழைய நோட்டுகளையும் விடைத்தாள்களையும் அப்படியே எடுத்துப் போங்கள். அழித்து அழகாக எழுத வைத்த நோட்டால் மருத்துவருக்குப் பயன் இல்லை. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பிள்ளை எந்த மொழியில் படிக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். தெரியாத மொழியில் சோதித்தால் முடிவு தப்பாக வரும். அன்றைக்குக் காலையில் பிள்ளை நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

கற்றல் குறைபாடு என்று முடிவு வந்தால், பிள்ளை மந்தம் என்று அர்த்தம் இல்லை. அறிவு குறையாமல் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் மட்டும் தடை இருப்பதுதான் அது. அம்மா கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், அப்பா வீட்டில் இருந்தாரா என்று மாற்றி மாற்றிக் குறை சொல்லாதீர்கள். இன்னொரு டியூஷன் வைத்தால் தீராது, அடித்தால் நிச்சயமாகத் தீராது. சொல்லிக் கொடுக்கும் முறைதான் மாற வேண்டும், அதற்குச் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தருபவர் போன்ற சலுகைகள் கேட்கலாம். அந்த 2018 நெறிமுறைப்படி 8 வயதில் வாங்கிய சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்த்து வாங்க வேண்டியிருந்தது. 18இல் தந்தது ஆயுளுக்கும் செல்லும் என்றிருந்தது. பத்தாம் வகுப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. அத்தனை வருஷமும் அந்தப் பிள்ளை "சோம்பேறி" என்று திட்டு வாங்கியிருக்கும்.

அறிக்கை என்னிடமும் வகுப்பாசிரியரிடமும் மட்டுமே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கோ மற்ற பிள்ளைகளுக்கோ தெரியாது.

சீட்டு வந்தவர்கள் வரும் இரண்டு சனிக்கிழமைகளில் காலை 9 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து வாருங்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் மாலையில் காத்திருப்பேன். சம்மதப் படிவம் தமிழில் இருக்கிறது. வாசிக்கச் சிரமம் என்றால் நானே வாசித்துக் காட்டுகிறேன், கேட்டபின் கையெழுத்துப் போடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை