விளக்கின் முகத்தைத் தரைக்குத் திருப்புங்கள்

மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்து நூற்பாலை, எண்ணெய் ஆலை, கோழிப்பண்ணை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

தை, மாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளில் எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு விடியும்வரை காத்திருப்பவன் நான். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முக்காலியை நிற்கவிடாது. மழைக்காலத்தில் வானமே தெரியாது. வருஷத்தில் எனக்கு வாய்ப்பது இந்தச் சில இரவுகள்தான்.

எல்லோரும் எடுக்கும், ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள ஒளிரும் வாயுமேகமான ஓரியன் நெபுலாவைத் தேடி நான் போவதில்லை. அதை ஊருக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம். அதே விண்மீன் கூட்டத்தில், செக்கச்சிவந்த திருவாதிரைக்கு எதிர்மூலையில் ரைஜல் என்ற விண்மீன் நீலவெள்ளையாக மின்னும். அதன் பக்கத்தில் ஐசி 2118 என்றொரு தூசுமேகம் இருக்கிறது. ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த நீளம், ஆனாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் சொந்த ஒளி கிடையாது, ரைஜலின் நீல ஒளியை வாங்கித்தான் மங்கலாகச் சிதறவிடுகிறது. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம் ஒளி வாங்கிய அறுபது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருவம் கொஞ்சம் எழுந்து வரும். முதல்முறை அது திரையில் தெரிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

போன தையில் எங்கள் பக்கத்து ஆலை ஒன்றில் புதிதாக வெள்ளை எல்.இ.டி. ஃப்ளட் லைட்டுகள் போட்டார்கள். எல்லாம் வானத்தைப் பார்த்தபடி. அறுபது படமும் சாம்பல் பூசியதுபோல வந்தன.

‘ஃபில்டர் போட்டுக்கொள்ளேன்’ என்பார்கள். ஹைட்ரஜன் மேகமென்றால் சரி, அது வெளியிடும் 656 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கலாம். பழைய சோடியம் விளக்கையும் ஓரளவு வடிகட்டலாம், அதன் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சளில்தான் குவியும். வெள்ளை எல்.இ.டி. அப்படியில்லை. நீல ஒளி தரும் சில்லுக்கு மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசித்தான் அதை வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீலம்தான் என் மேகத்தின் நிறமும். அதைத் தடுத்தால் மேகமும் போய்விடும்.

இந்த மங்கல் மேகங்களால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலத்துக்கு (காலக்சி) பக்கத்தில் அதுவரை யாரும் கவனிக்காத பெரிய ஒளிவளைவு ஒன்று இருப்பதை 2023இல் அறிவித்தவர்களில் முன்னின்றவர்கள் என்னைப்போன்ற பொழுதுபோக்குப் படக்காரர்கள். உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட காலக்சிகளில் ஒன்று அது!

நான் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. ராத்திரி ஷிஃப்டுக்கு வருகிற பெண்கள் வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும். விளக்கின் முகத்தைத் தரைப்பக்கம் திருப்புங்கள், மேலே ஒரு தகர மூடி போடுங்கள், அடுத்தமுறை வாங்கும்போது மஞ்சள் சாயல் எல்.இ.டி.யாகக் கேளுங்கள். வானத்துக்குப் போகிற வெளிச்சத்துக்கும் கரண்ட் பில் நீங்கள்தானே கட்டுகிறீர்கள். லடாக்கில் ஹான்லே சுற்றுவட்டாரத்தை 2022இல் இரவு வானம் இருட்டாகவே இருக்கும்படி வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட வேண்டாம்.

ஏணியும் ஸ்பேனரும் நானே கொண்டுவருகிறேன். தை அமாவாசைக்கு முன்னால் ஒருநாள் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மூலனூர்ப் பக்கத்து விண்மீன் படக்காரன்