அவர்கள் கூத்தடிக்கவில்லை, பாடம் படித்தார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார இதழில் அரசுப் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையில், சைக்கிள் ஸ்டாண்டில் பிள்ளைகள் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருக்கிற படத்தைப் போட்டு, கீழே 'பாடவேளையில் கூத்தடிக்கும் மாணவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அது என் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு, நாற்பது பேர். அவர்கள் அங்கே படித்துக்கொண்டிருந்தது பிரெஞ்சுப் புரட்சி. படம் எடுத்தவர் பத்தடி நடந்து வந்து என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாற்பது பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லியிருப்பார்கள்.

வகுப்பறையைப் பூட்டியது நான்தான். 1789 ஜூன் 20 அன்று, பிரெஞ்சு மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாயில், மூன்றாம் எஸ்டேட்டின், அதாவது பாதிரியாரும் பிரபுவும் அல்லாத பொதுமக்களின், பிரதிநிதிகள் வந்து பார்த்தபோது அவர்களுடைய மண்டபம் பூட்டியிருந்தது, பக்கத்தில் இருந்த டென்னிஸ் மைதானத்துக்குப் போனார்கள், அரசியலமைப்பு எழுதி முடிக்கும்வரை கலைய மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் பள்ளியில் டென்னிஸ் மைதானம் கிடையாது, சைக்கிள் ஸ்டாண்ட்தான் உண்டு. அன்றைக்கு 576 பேர் கையெழுத்துப் போட, ஒரே ஒருவர் மறுத்தார். உங்கள் படத்தில் இடது ஓரம் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்கிறானே ஒரு பையன், அவன் சும்மா நிற்கவில்லை. சீட்டில் அந்த ஒருவர் அவனுக்கு வந்தார். நூலகத்தில் தேடிப் படித்து, மன்னர் ஒப்புதல் தராத எதற்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேசிவிட்டு, முப்பத்தொன்பது பேர் கத்துவதற்கு நடுவில் அசையாமல் நின்றான். இதழ் வந்த அன்று அவன் அப்பா, டீக்கடையில் நாலு பேர் முன்னால் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவனை அடித்திருக்கிறார். மறுநாள் அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்தப் பாடத்தை நான் பதினேழு வருடமாக நடத்துகிறேன். முதல் ஆறு வருடம் போர்டில் எழுதிப்போட்டுத்தான் நடத்தினேன். மூன்று எஸ்டேட்டுகள், வரிகள், பாஸ்டில் சிறை தகர்ப்பு, ஜூலை 14. பிள்ளைகள் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள், அடுத்த ஜூலையில் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. அப்புறம்தான் புளியங்கொட்டைக்கு வந்தேன். ஆளுக்குப் பத்துக் கொட்டை, அதுதான் அவர்கள் சம்பாத்தியம். அந்தக் காலத்து பிரான்சில் முதல் இரண்டு எஸ்டேட்டும் சேர்ந்தே நூற்றுக்கு இரண்டு பேர்தான் தேறுவார்கள், விகிதம் பார்த்தால் நாற்பதில் ஒருவர்கூட வராது, ஆனாலும் பாதிரியார் ஒருவர், பிரபு ஒருவர். மிச்சம் முப்பத்தெட்டுப் பேரிடமும் மன்னர் வரிக்கு மூன்று, தேவாலயத்துக்கு ஒன்று, உப்பு வரிக்கு இரண்டு, நிலக்கிழாருக்கு இரண்டு. கையில் நிற்பது இரண்டு. ரொட்டி விலை மூன்று. 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்ததும், அடுத்த ஆண்டு பாரிஸில் ரொட்டி விலை ஏறியதும் அதற்குப் பிறகு நான் சொல்லவே வேண்டாம், அவர்களே கேட்பார்கள். சரி, ஓட்டுப் போட்டு மாற்றலாம் என்று மூன்று எஸ்டேட்டின் பிரதிநிதிகளும் கூடுகிற எஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டினால், 175 வருடம் கழித்துக் கூடுகிற சபை, ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, எஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டு. இரண்டுக்கு ஒன்று என்று முப்பத்தெட்டுப் பேரும் தோற்றார்கள். "அப்போ நாங்க எதுக்கு டீச்சர் வந்தோம்?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் அந்த ஜூன் மாதமே தொடங்குகிறது. அதைப் போர்டில் எழுதிப்போட்டு அவளிடமிருந்து வரவழைக்க எனக்குத் தெரியவில்லை.

யார் பிரபு, யார் குடியானவர் என்பதை ஒருபோதும் நான் சொல்வதில்லை, சீட்டுக் குலுக்கித்தான். ஏன் என்று நம் ஊரில் இருக்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தலையை வெட்டுகிற இயந்திரமான கில்லட்டினை நடிக்க விடுவதும் இல்லை. மன்னரின் விசாரணையில் மட்டும், 1793 ஜனவரியில் நடந்தது போலவே, ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட எழுந்து தன் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். அங்கே வாக்களித்த 721 பேரில் நிபந்தனை இல்லாமல் மரணம் என்றவர்கள் 361 பேர். இந்த வருடம் ரொட்டிக்காக மேசையைத் தட்டி அதிகம் கத்திய பிள்ளை எழுந்து, மரணம் வேண்டாம் என்றது. மரண தண்டனையே கூடாது என்று 1791இல் பேசிய புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் மன்னரைக் கொல்லச் சொன்னதையும், 1794 ஜூலையில் அவரே அதே கத்திக்குப் போனதையும் அதற்கு அப்புறம்தான் சொன்னேன். வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கடைசி அரை மணி நேரம் வேஷத்தைக் கலைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுவார்கள். அந்த நோட்டுகள் என் மேசையில் இருக்கின்றன, நீங்கள் கேட்டால் அனுப்புகிறேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இரண்டு வருடம் முன்பு, புதுச்சேரியின் ஜூலை 14 கொண்டாட்டத்தைப் பற்றி எழுதியபோது, பாஸ்டிலில் இருந்து ஆயிரக்கணக்கான கைதிகள் விடுதலையானார்கள் என்று உங்கள் இதழில் வந்தது. அன்று உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். என் மாணவர்கள்தான் கண்டுபிடித்து, கடிதம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். பிரசுரிக்கவும் இல்லை, பதிலும் இல்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு இதழாகப் புரட்டிப் பார்த்தார்கள். படித்ததை நம்பி எழுதிய பிள்ளைகளுக்கு ஒரு தபால் அட்டை போதுமாக இருந்தது. பள்ளிக்குள்ளேயும் இதே கதைதான், பரீட்சை நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுப்பது எப்போதும் சமூக அறிவியல் பீரியட்தான். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை.

'கூத்தடிப்பது' என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நான் விழுப்புரம் மாவட்டத்துக்காரி. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவள். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்குப் பாரதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார், ஏன் நின்றார் என்று அத்தனையும் தெரியும், எல்லாம் கூத்துப் பார்த்துக் கற்றது. அந்த மண்ணிலிருந்து வருகிற இதழ் அந்தச் சொல்லை வசவாக எழுதியது எனக்கு மிகவும் வலிக்கிறது.

கட்டுரை முழுவதையும் நான் மறுக்கவில்லை. கழிப்பறை பற்றியும் காலியிடங்கள் பற்றியும் எழுதியிருப்பது உண்மை, இன்னும் எழுதுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில், அந்தப் படத்தில் இருப்பவர்கள் தங்கள் சமூக அறிவியல் பாடவேளையில் பிரெஞ்சுப் புரட்சி படித்துக்கொண்டிருந்தார்கள் என்று இரண்டு வரி போடுங்கள். டீக்கடையில் படிக்கிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, அதே பக்கத்தில் போடுங்கள். ஓரத்தில் நிற்கிற பையன் யாராக நின்றான் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.