கிரவுண்டில் ஒரு கீறல்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு என் சர்க்யூட் போர்டு ஒன்றுதான் காரணம். அந்தக் கதை பிறகு. முதலில் அப்பாவின் ரேடியோ.

விளக்குப் போட்டால் திருநெல்வேலி நிலையம் கரகரக்கிறது, அணைத்தால் சரியாகிவிடுகிறது, ரேடியோ பழுதா என்று கேட்டிருந்தாய். ரேடியோ மேல் பழி போடாதே. கூடத்தில் புதிதாக மாட்டினாயே எல்இடி பல்பு, அதுதான் ஆள். அதற்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் 230 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் எல்இடிக்கு ஏற்ற கரண்டாக்குகிறது. வெட்டு 60 கிலோஹெர்ட்ஸில் நடக்கிறது என்று வைத்துக்கொள். வெட்டு கூர்மையானது என்பதால் 120, 180, 240 என்று மடங்குகளும் கூடவே பிறக்கும். இருபதாவது மடங்கு 1200. திருநெல்வேலி 1197. அப்புறம் என்ன, வீட்டு ஒயரிங் முழுக்க அதற்கு ஏரியல்! உள்ளே ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் வைத்திருந்தால் பெரும்பகுதி அங்கேயே அடங்கியிருக்கும். மலிவு பல்பில் முதலில் காணாமல் போவது அந்த இரண்டும்தான். வேறு பல்பு மாட்டிப் பார். ரேடியோவையும் மெல்லத் திருப்பிப் பார். உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பி ஏதோ ஒரு பக்கம் திரும்பும்போது இரைச்சல் சட்டென்று அடங்கும்.

உன் மகன் சொன்ன மவுஸ் விவகாரமும் இதே ஜாதிதான். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் ஒயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கிப் போகிறது என்றானாம். யுஎஸ்பி 3.0-வில் நொடிக்கு 5 கிகாபிட் ஓடுகிறது. அதன் இரைச்சல் அகலமாகப் பரவி 2.4 கிகாஹெர்ட்ஸை மூடிவிடும். மவுஸ் பேசுவதும் அங்கேதான். இதை 2012-இல் இன்டெல்லே அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது. மவுஸ் டாங்கிளை, அதுதான் கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவரை, ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டி, ஹார்ட் டிஸ்க்கை விட்டு ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல். செலவு அவ்வளவுதான்.

இப்போது என் கதை. நூற்பாலைகளுக்கு ஈரப்பதம் பதிவுசெய்யும் கருவி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்று போன தீபாவளிக்குச் சொன்னேனே, அது வெளியே எவ்வளவு இரைச்சல் வீசுகிறது என்று பார்க்கும் சோதனைக்கு அதைக் கொண்டுபோனேன். 10 மீட்டர் தள்ளி அளந்தால் மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. கம்ப்யூட்டர் வகைச் சாமான் வீட்டில் வைக்கிறதானால் 230 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வரம்பு அது. மில்லுக்குத் தளர்வு உண்டு, ஆனாலும் நான் வீம்புக்கு இந்த வரம்பையே பிடித்தேன். 150 மெகாஹெர்ட்ஸில் கம்பம் மாதிரி ஒரு கோடு எழும்பி நின்றது. 8 டெசிபெல் கூடுதல். ஃபெயில்.

150 என்றதுமே தெரிந்துவிட்டது, ஈதர்நெட் சிப்புக்கும் புராசஸருக்கும் நடுவே ஓடும் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின், அதாவது இரண்டையும் தாளத்தில் வைக்கும் துடிப்பின், மூன்றாவது மடங்கு. திருடன் தெரிந்துவிட்டான் என்று மூன்று நாள் அந்தச் சிப்பையே சுற்றினேன். தகரக் கூடு போட்டேன், ஃபெரைட் மணி கோத்தேன், கெப்பாசிட்டர் மாற்றினேன். கோடு அசையவில்லை. கடைசியில் சென்சார் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். பாதியாக விழுந்தது! அரை மீட்டர் ஒயர், முருகேசா. 150 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டர், அதில் கால் பங்கு அரை மீட்டர். நானே அளவெடுத்து ஏரியல் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஈரப்பதம் காட்டுகிற ஒயருக்குள் கிளாக் எப்படிப் போனது? கோஆக்ஸ் ஒயரின் நுனியை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வளைத்து, இரைச்சலைக் கோடாகக் காட்டும் அனலைசரில் மாட்டி, போர்டின் மேல் ஸ்டெதஸ்கோப் மாதிரி நகர்த்தினேன். சிப்பின் மேல் கொஞ்சம்தான். ஓரிடத்தில் கோடு துள்ளியது. போர்டைத் திருப்பினேன். அங்கே கிரவுண்டை, அதாவது கரண்ட் திரும்பி வரும் செம்புப் பரப்பை, குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு ரிலே ட்ராக், ரிலே ஸ்விட்ச்சுக்குப் போகிற செம்புக் கோடு. வேறு வழியில்லை என்று நானே ஒரு ராத்திரி இழுத்தது.

மேலே போகிற கிளாக் கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும். பேட்டரி கரண்ட் மாதிரி அது கிடைத்த இடத்திலெல்லாம் பரவாது. அந்த வேகத்தில் ட்ராக்குக்கு நேர் கீழே, நிழல் மாதிரி ஒட்டியே திரும்பும். கீழே அறுந்திருந்தால் போர்டின் ஓரம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரும். அந்தச் சுற்றே வளையம். வளையம் வீசும், போதாததற்குக் கிரவுண்டின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வோல்டேஜும் எழும்பும். ஒரு துண்டில் சென்சார் ஒயர், மறு துண்டில் பவர் ஒயர். மாடியில் கட்டுவோமே டிவி ஆன்டெனா, அதன் இரண்டு கை மாதிரி!

ரிலே ட்ராக்கின் மேல் கரண்ட் கடத்தாத கேப்டான் டேப் ஒட்டினேன். இரண்டு கரையிலும் பச்சைப் பூச்சைச் சுரண்டி, நகம் அகலச் செம்புத் தகட்டைப் பாலம் போட்டுச் சோல்டர் வைத்தேன். கோடு படுத்துவிட்டது. மறு சோதனையில் பாஸ். அடுத்த தடவை நான்கு அடுக்கு போர்டுதான். காசு போனால் போகட்டும், கிரவுண்டுக்கென்றே ஓர் அடுக்கை யாரும் தொடாமல் விடப்போகிறேன்.

இந்த இரைச்சலை வைத்துப் பாட்டுப் போட்ட மனுஷனும் இருக்கிறான், தெரியுமா? 1975-இல் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர். ஸ்பீக்கரே கிடையாது. ஸ்டீவ் டாம்பியர் என்பவர் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்து, நிரல் சுற்றும் வேகத்தை மாற்றி மாற்றி ரேடியோவில் ராகம் வரவழைத்தார். நமக்கு கரகரப்பு, அவருக்குக் கச்சேரி.

சித்திரை விசுவுக்குப் பாபநாசம் வருவதாக இருக்கிறேன். இரண்டு நாள் உன் வீட்டில்தான். அப்பா புது ரேடியோ கேட்டால் வாங்கிக் கொடு, ஆனால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே. பவர் சப்ளை இரைச்சலை மோப்பம் பிடிக்க அதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை. வரும்போது நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்
கோவை