‘அந்த நாள்’ எந்த வருடத்துப் படம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரம் முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘நாற்பதுகளின் சென்னை’ என்று ஒரு படப் பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் சந்திரலேகாவும் மதராசபட்டினமும் அடுத்தடுத்து இருந்தன. சந்திரலேகா 1948இல் வந்த படம், சரி, ஆனால் அந்தக் கதையில் சென்னை எங்கே வருகிறது? அது இரண்டு இளவரசர்களும் ஒரு சர்க்கஸும் பிரம்மாண்டமான முரசு நடனமும் உள்ள, எந்த வரைபடத்திலும் இல்லாத ராஜ்யம். மதராசபட்டினம் வந்தது 2010இல், கதை போவது சுதந்திரத்துக்கு முந்தைய மதராசுக்கு. ஒன்று நாற்பதுகளில் எடுத்தது, மற்றது நாற்பதுகளைப் பற்றி எடுத்தது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டதற்கு உங்கள் உதவி ஆசிரியரைத் திட்ட வரவில்லை. அவர் எங்கிருந்து எடுத்திருப்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் அந்த மாதிரி ஒரு இணையத் திரைப்படத் தளத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படங்களுக்கு டேக் (தேடினால் கிடைக்க வைக்கும் குறிச்சொல்) ஒட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் உண்டு.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு பழைய படம் போட்டுப் பார்க்கிற சின்ன வட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடக்கும் தமிழ்ப் படங்களாக நான்கைந்து சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தளத்தில் ‘1940கள்’ என்று அடித்தேன். ஹரிதாஸ் வருகிறது, சந்திரலேகா வருகிறது, ‘அந்த நாள்’ வரவில்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் பாட்டே கிடையாது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கதை நிற்பது 1943 அக்டோபர் 11 என்ற தேதியில், ஜப்பான்காரன் சென்னை மேல் குண்டு போட்ட நாள் அது. அந்தக் குண்டுவீச்சை ஒட்டித்தான் படத்தில் கொலையே விழுகிறது. பராசக்தியும் அப்படித்தான், வந்தது 1952 தீபாவளிக்கு, கதை ஓடுவதோ போர் மூண்டு பர்மாத் தமிழர்கள் அகதிகளாக வந்து சேர்ந்த காலத்தில். அதுவும் தேடலில் இல்லை.

சரி, நாமே சேர்த்துவிடுவோம் என்று ‘அந்த நாள்’ பதிவைத் திறந்து 1943 என்று போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் யாரோ நீக்கியிருக்கிறார், கூடவே ஒரு குறிப்பு: படம் 1954இல் வெளியானது, தவறான தகவல் சேர்க்க வேண்டாம். அவரைக் குறை சொல்ல முடியுமா? கட்டத்தின் மேல் ‘ஆண்டு’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. எந்த ஆண்டு என்று அவருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

இந்த ஒரு கட்டத்தை இரண்டாக்கினால் பாதிச் சிக்கல் தீரும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வெளிவந்த ஆண்டு ஒன்று, கதை நடக்கும் காலம் இன்னொன்று. கதை நடக்கும் காலத்துக்கு ஒரே எண் போதாது, ‘இதிலிருந்து இதுவரை’ என்று வேண்டும், சில படங்களுக்கு இரண்டு மூன்று காலம் போட வழி வேண்டும். சுப்ரமணியபுரம் 2008இல் சிறை வாசலில் தொடங்கி 1980 மதுரைக்குப் போகிறது. 2010இல் வந்த ஆயிரத்தில் ஒருவன் 1279இல் சோழர்களோடு ஆரம்பித்து நம் காலத்துக்குத் தாவுகிறது (1965இல் அதே பெயரில் வந்த படத்தில் கப்பலும் கடற்கொள்ளையர்களும்தான், இரண்டையும் குழப்பிக்கொண்டு வைத்த டேக்குகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்). நெஞ்சம் மறப்பதில்லை மாதிரி மறுபிறவிக் கதைக்கு என்ன செய்வது? இரண்டு பிறவிக்கும் இரண்டு காலம் போட வேண்டியதுதான். இப்போது இவை எல்லாவற்றுக்கும் ‘பீரியட் படம்’ என்று ஒரே டேக். பொன்னியின் செல்வனும் பீரியட், சார்பட்டா பரம்பரையும் பீரியட். பத்தாம் நூற்றாண்டுக்கும் எமர்ஜென்சிக்கும் நடுவில் நமக்கு ஒன்றுமே நடக்கவில்லை போல.

‘பழைய படம்’ என்றும் ஒரு டேக் இருக்கிறது. என் அப்பாவுக்குப் பழைய படம் என்றால் பாகவதர், எனக்குக் கே. பாலசந்தர், என் மகளுக்கு மின்னலே. அதை எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை எழுதிவிட்டேன்.

கதைக் காலத்தைப் போடும்போது அது எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். படமே எழுத்துப் போட்டுச் சொல்கிறதா, இல்லை சுவரில் தொங்கும் காலண்டரையும் ரோட்டில் போகும் காரையும் வைத்து நாம் ஊகித்ததா? இது சின்ன விஷயம் இல்லை. 2021இல் கர்ணன் வந்தபோது கதை நடக்கும் ஆண்டைப் பற்றி அரசியல் சர்ச்சை கிளம்பி, படத்தில் போட்ட எழுத்தையே மாற்றினார்கள். திரையில் காட்டும் ஒரு வருடத்துக்கு அவ்வளவு எடை இருக்கிறது. நாம் சோபாவில் சாய்ந்தபடி ‘90ஸ்’ என்று தட்டிவிட்டுப் போகிறோம்.

வகைப் பக்கம் போனால் இன்னும் கூத்து. நகைச்சுவை, காமெடி, காமடி, நகைச்சுவை படம், நகைச்சுவைப் படம் என்று ஐந்து டேக் இருக்கின்றன. காதலிக்க நேரமில்லை ஒன்றில், மைக்கேல் மதன காமராஜன் இன்னொன்றில். ஒரு ‘ப்’ கூடினாலே கணினிக்கு அது வேறு ஜென்மம். தமிழாசிரியர்கள் ஒற்று மிகுமா மிகாதா என்று சண்டை போட்டுக்கொள்ளட்டும், தளத்துக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்லை நிலைநிறுத்தி மற்ற நான்கில் எதை அடித்தாலும் அங்கே கொண்டுபோய் விடுவது. எந்தச் சொல் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, காமெடி என்றே வைத்தாலும் சரி.

ஆனால் ‘டிராமா’ என்பதை ‘நாடகம்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்களே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. பாசமலர் நாடகமாம். நாடகம் என்றால் நமக்கு மேடை, இல்லாவிட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் ஓடுவது. வேலைக்காரி, ரத்தக்கண்ணீர் போல நிஜமாகவே மேடையிலிருந்து திரைக்கு வந்த படங்களைத் தேடுகிற ஒருவர் ‘நாடகம்’ என்று அடித்தால் சிவாஜியும் சாவித்திரியும் அழுகிறார்கள். அதற்குக் ‘குடும்பப் படம்’ என்று போஸ்டர் ஒட்டிய காலத்திலிருந்தே சொல் இருக்கிறது.

அப்புறம் ‘சரித்திரம்’. அதன் கீழ் வீரபாண்டிய கட்டபொம்மன், நாடோடி மன்னன், கர்ணன் மூன்றும் வரிசையாக. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799இல், அது சரித்திரம். 1964இல் வந்த கர்ணன் மகாபாரதம். நாடோடி மன்னன் ஆண்ட நாட்டுக்குப் பஸ் கிடையாது. ஜனங்கள் தெளிவாகத்தான் பேசினார்கள்: சரித்திரப் படம், புராணப் படம், ராஜா ராணி படம். விட்டலாச்சார்யா எடுத்தால் மாயாஜாலப் படம், ஆடி மாதம் டிவியில் போட்டால் அம்மன் படம். இவற்றை டேக்காக வைக்க வெட்கம் எதற்கு? வெளிநாட்டுத் தளங்களில் ‘வெஸ்டர்ன்’ என்று ஒரு வகை இருக்கிறதே என்று நம் தளமும் வைத்திருக்கிறது. நியாயமாகச் சொன்னால் 1972இல் வந்த கங்கா போன்ற கௌபாய் படங்களுக்கு அது பொருந்தும், நான் எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு இடம் உண்டு, திருவிளையாடலுக்கு ‘ஃபேன்டஸி’தானா?

காலத்தையும் வகையையும் கலக்காமல் பிரித்து வைப்பது ஏதோ நான் கண்டுபிடித்தது இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933இல் நூலகப் புத்தகங்களைப் பிரித்து அடுக்குவதற்கான கோலன் வகைப்பாட்டை வெளியிட்டார். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது யோசனை வந்ததாகச் சொல்வார்கள், சின்னச் சின்னத் துண்டுகளை வேண்டிய மாதிரி கோத்து எதையும் செய்யலாம் இல்லையா, அது போல. ஒரு புத்தகத்தை ஒரே அலமாரியில் அடைக்காமல், அது எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனி முகமாகப் பிரித்தார். இடம், காலம் இரண்டுக்கும் அவரிடம் தனி வீடு. நாம் தொண்ணூறு வருடம் கழித்து ‘80ஸ் மதுரை ஆக்‌ஷன்’ என்று ஒரே டேக் எழுதுகிறோம். நாளைக்கு ‘80ஸ் கோவை ஆக்‌ஷன்’ வரும், அப்புறம் ‘70ஸ் மதுரை காமெடி’. இதற்கு முடிவு ஏது?

படத்தை டப்பாவில் அடைக்கலாமா, கலை அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். அடைக்க வேண்டாம், காஞ்சனாவுக்குப் பேய்ப் படம் என்றும் போடுங்கள், காமெடி என்றும் போடுங்கள். மூன்று வகை வரை போடலாம் என்று வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் போனால் எல்லாப் படத்திலும் எல்லா டேக்கும் ஏறிவிடும், நம் படங்களில் காதல், சண்டை, செண்டிமென்ட் எதுதான் இல்லை?

இதில் பத்திரிகையும் வாசகர்களும் உதவ முடியும். கணினி இல்லாத காலத்தில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒற்றை ஆளாகச் சேர்த்த தகவல்களை வைத்துத்தான் இன்றைக்கும் வெளியீட்டு ஆண்டைச் சரிபார்க்கிறோம். கதைக் காலத்துக்கு அந்த மாதிரி துணை, கதைச் சுருக்கமும் பாட்டுகளும் அச்சிட்டு அந்தக் காலத்தில் விற்ற பாட்டுப் புத்தகங்கள்தான். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் அந்தக் கதைச் சுருக்கத்தில், கதை எங்கே எப்போது நடக்கிறது என்று சில சமயம் முதல் வரியிலேயே இருக்கும். படம் எடுத்தவர் தன் படத்தைச் சமூகச் சித்திரம் என்றாரா, பக்திச் சித்திரம் என்றாரா என்பதும் சிலவற்றின் அட்டையிலேயே இருக்கும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் நிறைய இருக்கின்றன, ஆனால் பரணில் இருப்பவை எத்தனையோ. வீட்டில் வைத்திருப்பவர்கள் அட்டையையும் கதைச் சுருக்கப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினால், வாரம் ஒன்றாகப் போடுங்கள், நாங்கள் ஏற்றிக்கொள்கிறோம். நீங்கள் இனிமேல் போடும் பட்டியல்களிலும் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளைப் போடுங்கள், இடம் அதிகம் பிடிக்காது.

‘அந்த நாள்’ பதிவில் ஆண்டுக் கட்டம் 1954 என்றே இருக்கிறது, நான் மறுபடி தொடவில்லை. கதைச் சுருக்கத்தின் முதல் வரியில் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று என்று எழுத்தால் எழுதி வைத்திருக்கிறேன். இதை எழுதும் வரைக்கும் யாரும் நீக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி